பாட்டு ஒருத்தருடையது, பதிவு இன்னொருத்தருடையது

உப்பூரிலிருந்து பேசுறேன். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டின ஊர் இது. வெயிலுகந்த விநாயகர் கோயில் என்று சொன்னால் வெளியூர்க்காரங்களுக்கும் தெரியும். நாம் வழக்கமா ரொம்பப் பழைய காலத்துக்குப் போய்ப் பேசுவோம். இந்தத் தடவை சரித்திரம் நம்ம பாக்கெட்டில் இருக்கிற போன் வரைக்கும் வருது.

ஒரு நேயர் கேட்ட கேள்வியில் இருந்துதான் இந்தப் பகுதி பிறந்தது. அவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். இலக்கியமும் இசையும் சேர்ந்த ஒரு தாள் நடத்துறார். மாணவர்களில் பாதிப்பேர் நம்ம கடற்கரைப் பிள்ளைகள். வகுப்புக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கு. அதில் மூணு ஒலிக்கோப்புகளைப் போடணும்னு நினைக்கிறார். முதலாவது, ராம்நாட் கிருஷ்ணன் 1968-ல் வெளியான ஒரு இசைத்தட்டில் பாடிய கீர்த்தனை. இரண்டாவது, 'பாசமலர்' படத்தில் இருந்து ஒரு பாட்டு. மூன்றாவது, அவருடைய மாணவி ஒருத்தி கடற்கரையில் போனில் பதிவு செய்த அம்பாப் பாட்டு, அதாவது வலை இழுக்கும்போது பாடுறது. பாடினவர் எழுபது வயசைத் தாண்டின ஒரு பெரியவர்.

"இந்த மூணையும் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா? முதல் இரண்டும்தான் பயமா இருக்கு. மூன்றாவது நம்மளோடதுதானே" என்று கேட்டிருந்தார்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் சட்டப் புத்தகத்தில் எவ்வளவு இருக்கோ அவ்வளவு சரித்திரத்திலும் இருக்கு. யாருடைய உரிமையைச் சட்டம் முதலில் பார்த்தது, யாருடையதைக் கடைசியில் பார்த்தது என்று வரிசையாப் பார்த்தால், அந்த மூணு கோப்புகளும் தனித்தனியா விளங்கும். அவர் பயப்படாத அந்த மூன்றாவது கோப்பைத்தான் நான் கடைசிக்கு வைச்சிருக்கேன்.

ஒரு பாட்டுக்குள் எத்தனை பேர்?

நாம் "பாட்டு" என்று ஒரே சொல்லில் சொல்லிடறோம். சட்டம் அதைப் பிரிச்சுப் பார்க்குது. வரிகள் ஒரு படைப்பு. அது எழுதினவருடையது. மெட்டு இன்னொரு படைப்பு. அது இசையமைத்தவருடையது. அதைப் பாடி, கருவிகளோடு சேர்த்துப் பதிவு செய்து வைத்த ஒலிப்பதிவு மூன்றாவது படைப்பு. அதன் சொந்தக்காரர் பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். பெரும்பாலும் ஒரு கம்பெனி. இது போகப் பாடினவருக்கும் ஒரு தனி உரிமை உண்டு. அது சட்டத்துக்குள் வந்த கதை பின்னால வருது.

ராம்நாட் கிருஷ்ணன் பாடினது தியாகராஜர் கீர்த்தனை என்று வைச்சுக்குவோம். தியாகராஜர் 1847-ல் மறைந்தார். கீர்த்தனைக்கு இன்னைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நீங்களும் பாடலாம், நானும் பாடலாம். ஆனால் அந்தத் தட்டில் இருக்கிற ஒலி வேறு. கோயில் குளத்துத் தண்ணி எல்லாருக்கும் பொது, அதைப் புட்டியில் அடைத்து வைத்தால் புட்டி கம்பெனியுடையது என்கிற மாதிரி.

இந்தப் பிரிவினை நூத்திச் சொச்சம் வருஷம் பழையது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்ட பலருடைய குரலைப் பதிவு செய்தார். அதுவரைக்கும் பாட்டு என்பது பாடும்போது மட்டும் இருக்கிற பொருள். கச்சேரி முடிந்தால் அதுவும் முடிந்தது. தட்டு வந்த பிறகு அது கடையில் விற்கிற சரக்கு ஆச்சு. சரக்கு என்றால் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி தானாக வரும். 1911-ல் வந்த பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம் இசைத்தட்டுக்கு 50 வருஷப் பாதுகாப்பு கொடுத்தது. சில மாற்றங்களோட அதே சட்டம் 1914-ல் இந்தியாவுக்கு வந்தது. அதில் பாடினவருக்கு என்று தனியா ஒன்றும் இல்லை.

பாரதியும் இசைத்தட்டும்

தமிழ்நாட்டில் "பாட்டு யாருடையது" என்ற சண்டை பெரிய அளவில் வெடித்தது பாரதியார் விஷயத்தில்தான். பாரதி 1921-ல் மறைந்தார். அப்போதைய சட்டப்படி அவர் எழுத்துக்கு 1971 வரைக்கும் உரிமை உண்டு. புத்தகமாக அச்சிடும் உரிமை ஒரு பக்கம் போக, பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியாக விற்கப்பட்டுக் கை மாறிக் கை மாறி, கடைசியில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. அவருடைய 'நாம் இருவர்' படம் 1947-ல் வந்தது. அதில் பாரதி பாட்டுகள் நாடு முழுக்க ஒலித்தன.

அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம்பெற, செட்டியார் தரப்பு உரிமை கேட்டது. டி.கே. சண்முகம் விடவில்லை. பாரதி பாட்டை ஒருத்தர் பெட்டியில் பூட்டி வைக்கலாமா என்ற கேள்வி ஊரெல்லாம் கிளம்பியது. 1949-ல் சென்னை அரசு பாரதியின் எழுத்துரிமையை வாங்கியது. செட்டியார் தன்னிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமல் அரசிடம் கொடுத்தார். பிறகு பாரதி எல்லாருக்கும் பொதுவானார்.

இந்தக் கதையில் நான் கவனிக்கிறது ஒன்றுதான். புத்தகத்தில் படிக்கிற பாரதியும் தட்டில் கேட்கிற பாரதியும் இரண்டு தனிச் சொத்தாக இருந்தார்கள். நம்ம ஆசிரியருடைய குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கு. ஒரு பாட்டை வகுப்பில் வாசித்து விளக்க யாரும் தடுக்கப் போவதில்லை. அதே பாட்டின் பதிவை அனுப்புகிறபோது கதை மாறுது.

தட்டைக் கேட்கலாம், நகல் எடுக்கக் கூடாது

சுதந்திர இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் 1957-ல் நிறைவேறி, 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 52-ஆம் பிரிவு, "இதெல்லாம் மீறல் ஆகாது" என்று ஒரு நீண்ட பட்டியல் போடுது. கல்விக்கு அதில் இரண்டு சலுகை இருந்தது. இரண்டையும் பிரித்துப் புரிஞ்சுக்கணும்.

ஒன்று, கல்லூரியின் நடவடிக்கைகளில் ஒரு பகுதியாக இசைத்தட்டைப் போட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், கல்லூரியோட தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள்ள இருக்கணும். இரண்டு, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்புகளை நகல் எடுக்கலாம்.

"அதில்தான் இசை என்ற சொல் இருக்கே" என்று கேட்பீங்க. சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் மெட்டு, அதன் ஸ்வரக் குறிப்பு. ஒலிப்பதிவு வேறு இனம். அது அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, பாட்டு வாத்தியார் ஸ்வரத்தை எழுதி நகல் எடுத்துக் கொடுக்கலாம். தட்டைப் போட்டுக் காட்டலாம். தட்டையே நகல் எடுத்துக் கொடுக்க இந்த வாசகத்தில் இடமில்லை.

நடைமுறையில் யார் கேட்டாங்க? எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர். ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, அறுபது நிமிஷக் கேசட்டா தொண்ணூறு நிமிஷமா என்று சொல்லிவிட்டு வந்தால், இரண்டு நாள் கழிச்சு வாங்கிக்கலாம். கேசட் அட்டையில் அழகான கையெழுத்தில் பாட்டு வரிசை இருக்கும். இசை ரசனை வளர்ந்தது அந்தக் கடைகளில்தான் என்று சொல்ற தலைமுறையில் நானும் ஒருத்தன். ஆனால் அங்கே காசு கொடுத்து வாங்கினது மற்றவருடைய பதிவின் நகல். பாடினவருக்கோ எழுதினவருக்கோ அதில் ஒரு பைசா போகவில்லை.

பாடினவரைப் பற்றிச் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா? 1977-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. திரைப்பாட்டில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் படத் தயாரிப்பாளருக்கும் உள்ள உரிமை பற்றினது. தீர்ப்பு தயாரிப்பாளர் பக்கம் சாய்ந்தது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்கு நம்ம சட்டத்தில் உரிமையே இல்லையே, இது நம்ம இசை மரபுக்குப் பொருந்தலையே என்பது அதன் சாரம். கர்நாடக இசையை யோசிச்சுப் பாருங்க. ஒரே கீர்த்தனையை ஒருத்தர் ஐந்து நிமிஷத்தில் முடிப்பார், இன்னொருத்தர் நிரவல், ஸ்வரம் என்று முக்கால் மணி நேரம் விரிப்பார். அந்த விரிவுதான் கச்சேரி. அதைச் செய்தவருக்குச் சட்டத்தில் பெயரே இல்லை.

1994 திருத்தத்தில்தான் கலைஞர் உரிமை சட்டத்துக்குள் முறையாக நுழைந்தது. முதலில் 25 வருஷம். 1999-ல் அதை 50 வருஷம் ஆக்கினார்கள்.

2012-ல் மாறின ஒரு சொல்

2012 திருத்தச் சட்டம் வந்தபோது பத்திரிகைகள் பெரும்பாலும் திரை இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி பங்கு கிடைச்சதைப் பற்றித்தான் எழுதின. அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் வகுப்பறைக்கு முக்கியமான மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. இலக்கியம், நாடகம், இசை, கலை என்று இருந்த பட்டியலை எடுத்துவிட்டு, "எந்தப் படைப்பையும்" என்று போட்டார்கள். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகல் எடுக்கலாம். எந்தப் படைப்பும் என்றால் அதில் ஒலிப்பதிவும் வந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாடு என்ற சலுகையிலும் இதே மாற்றம் வந்தது.

அதே 2012-ல் டெல்லியில் ஒரு வழக்கு தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள், டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. பல புத்தகங்களில் இருந்து பக்கங்களை எடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் தனி நீதிபதியும், டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்புச் சொன்னார்கள். "பாடம் நடத்தும் போக்கு" என்பது நாலு சுவருக்குள் நடக்கிற ஒரு மணி நேரம் மட்டும் இல்லை, வகுப்புக்குத் தயார் செய்வதில் தொடங்கி, பாடம் முடிகிற வரைக்குமான முழு நடைமுறையும் அதில் அடங்கும் என்பது அமர்வின் கருத்து. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: பாடத்தின் நோக்கத்துக்குத் தேவையான அளவுதான். 2017-ல் பதிப்பகங்கள் வழக்கை விலக்கிக்கொண்டன.

அது புத்தக வழக்குதான், பாட்டு வழக்கு இல்லை. ஆனால் அது விளக்கின வாசகம் ஒலிப்பதிவுக்கும் அதே வாசகம். அதனால் நான் இந்தச் சட்டத்தை வாசிக்கிற விதம் இது: ஆசிரியருக்கு இரண்டு கதவு இருக்கு. ஒன்று, பாடத்துக்குத் தேவையான நகல். இன்னொன்று, கல்லூரி வட்டத்துக்குள்ள கேட்க வைக்கிறது. இரண்டு கதவும் வகுப்புக்குள் திறக்கிற கதவு, தெருவுக்குத் திறக்கிறது இல்லை. கோப்பின் அளவோ, அது எம்பி3-யா வேறு வடிவமா என்பதோ முக்கியம் இல்லை. யார் கேட்கிறாங்க, எதுக்காகக் கேட்கிறாங்க என்பதுதான் கேள்வி.

ராமநாதபுரத்துக் குரல், அமெரிக்கத் தட்டு

இப்போ முதல் கோப்பு. ராமநாதபுரம் சீமைக்குக் கர்நாடக இசையில் ஒரு கனமான இடம் உண்டு. பூச்சி சீனிவாச ஐயங்கார் இந்த ஊர்க்காரர். மிருதங்கத்தில் சி.எஸ். முருகபூபதி. ராம்நாட் கிருஷ்ணன் 1918-ல் ஆலப்புழையில் பிறந்து ராமநாதபுரத்தில் வளர்ந்தவர். 1967-ல் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயணத்தின் பலனாக நான்சச் கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 'வித்வான்' என்ற தட்டு 1968-ல் வந்தது. 1973-ல் அவர் மறைந்தார். அவர் தம்பி ராம்நாட் ராகவன் வெஸ்லியனில் நெடுங்காலம் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார்.

ஆக, நம்ம மாவட்டத்துப் பெயரைச் சுமக்கிற ஒரு குரலின் பதிவு, அமெரிக்கக் கம்பெனியின் சொத்து. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனி பதிவு செய்திருக்காவிட்டால் அந்தக் கச்சேரி காற்றோடு போயிருக்கும். கேள்வி, அது எப்போது நம்ம பிள்ளைகளுக்குப் பொதுவாகும் என்பது.

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு முதலில் 50 வருஷம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாகூரின் எழுத்துரிமை முடிகிற சமயத்தில் செய்த திருத்தத்தில் 60 ஆனது. வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து எண்ணணும். 1968 தட்டு என்றால் 2028 டிசம்பர் 31-ல் காலம் முடியும். 2029 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அந்த ஒலிப்பதிவு பொது.

அமெரிக்காவில்? அங்கே 2018-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1957 முதல் 1972 பிப்ரவரி நடு வரைக்குமான பழைய பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரைக்கும் பாதுகாப்பு. கணக்குப் போட்டுப் பாருங்க. ராமநாதபுரத்து மாணவனுக்குப் பொதுவான பிறகும், அந்தத் தட்டு வெளியான நாட்டு மாணவன் 38 வருஷம் காத்திருக்கணும்.

அதுக்காக அங்கே வகுப்பில் கேட்கவே முடியாது என்று இல்லை. 2002-ல் இணையவழிப் பாடத்துக்கு என்று தனிச் சட்டம் போட்டார்கள். அந்த வகுப்பில் சேர்ந்த மாணவர்களுக்கு மட்டும், பாடத்தோட நேரடித் தொடர்பு இருந்தால், லாப நோக்கமில்லாத அங்கீகாரம் பெற்ற கல்லூரி பாட்டை இணையத்தில் ஒலிபரப்பலாம். வகுப்பு முடிந்த பிறகும் கோப்பு மாணவர் கையில் தங்காதபடி தடுப்பு வைக்கணும். கேட்க வைக்கலாம், கொடுத்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய கோடு.

சென்னை மியூசிக் அகாடமியிலும் இதே யோசனையை வேறு விதமாகப் பார்க்கலாம். 2008-ல் அங்கே டேக் டிஜிட்டல் ஒலிக்களஞ்சியம் தொடங்கினார்கள். அரங்கத்துக்குப் போய், திரையைத் தொட்டு, ஹெட்போன் மாட்டி, பழைய கச்சேரிகளை இலவசமாகக் கேட்கலாம். நகல் எடுத்துட்டு வர முடியாது. மயிலாப்பூரில் இருக்கிறவருக்கு இது வரம். உப்பூரில் இருந்து பஸ் ஏறிப் போய்த்தான் கேட்கணும் என்றால் ஒரு ராத்திரிப் பயணம். தூரத்துப் பிள்ளைகளுக்கு இணையம் எவ்வளவு பெரிய உதவி என்பது இங்கே புரியும்.

நம்ம ஆசிரியருக்கு என் பதில்: பாடத்திட்டத்தில் இருக்கிற அந்த ஒரு கீர்த்தனையை, அந்த வகுப்பு மாணவர்கள் மட்டும் இருக்கிற இடத்தில், பாடத்துக்காகக் கேட்க வையுங்க. கல்லூரியின் உள்கணக்கு வழியா நுழையிற பக்கம் இருந்தால் அதில் வையுங்க. வாட்ஸாப் குழுவில் போன வருஷத்து மாணவர்கள், அவர்களுடைய நண்பர்கள் எல்லாம் இருக்காங்களா என்று பாருங்க. அப்படி இருந்தால் அது வகுப்பு இல்லை, சந்தை. ஒரு தட்டுக்கு முழுசாக் கோப்பு போட்டு வைப்பதும் பாடத்தின் தேவையைத் தாண்டினதுதான். முறையான ஸ்ட்ரீமிங் தளத்தில் கிடைக்கிற பாட்டு என்றால், நகலே எடுக்காமல் இணைப்பை மட்டும் அனுப்புறது எல்லாத்தையும் விட எளிது.

பாசமலரும் மூணு கடிகாரமும்

இரண்டாவது கோப்பில் ஒரு சுவாரசியம் இருக்கு. 'பாசமலர்' 1961-ல் வந்தது. அறுபது வருஷக் கணக்குப்படி பதிவின் காலம் 2021 கடைசியில் முடிந்துவிட்டது. "அப்போ பொதுதானே" என்று நினைக்கத் தோணும். ஆனால் வரிகள் கண்ணதாசனுடையது. எழுத்துக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை. கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 கடைசி வரைக்கும் கடிகாரம் ஓடுது. மெட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து போட்டது. இருவர் சேர்ந்தால் கடைசியாக மறைந்தவரின் கணக்கு. ராமமூர்த்தி 2013-ல், விஸ்வநாதன் 2015-ல். ஆக மெட்டுக்கு 2075 டிசம்பர் 31 வரைக்கும்.

ஒரே பாட்டுக்குள் மூணு கடிகாரம். ஒன்று நின்றுவிட்டது, இரண்டு ஓடிக்கிட்டிருக்கு. அதனால் பழைய படப் பாட்டு எல்லாம் பொது என்று நினைத்து யூட்யூபில் ஏற்றினால் சிக்கல் வரும். பாடத்துக்கு வகுப்புக்குள் கேட்க வைத்தால் முன்னே சொன்ன அதே கதவு இதுக்கும் திறக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் பாட்டுப் போடுவார். உண்மையான சமயச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் ஒலிப்பதிவைப் போடுவது மீறல் இல்லை என்று அதே 52-ஆம் பிரிவு சொல்லுது. அஞ்சு ஊருக்குக் கேட்கிற மைக்செட்டுக்கு இடம் கொடுக்கிற சட்டம், ஐம்பது பேர் இருக்கிற குழுவுக்கு இத்தனை நிபந்தனை போடுதே என்று தோணலாம். மைக்செட் பாட்டு ஒலித்ததும் மறைந்துவிடும். கோப்பு மறையாது. ஒருத்தர் அனுப்பினால் ராத்திரிக்குள் எங்கே எங்கேயோ போயிருக்கும். அதோட தளங்களின் கணினி பாட்டின் ஒலியை மட்டும் பொருத்திப் பார்த்து நிறுத்திடும். அதுக்கு 52-ஆம் பிரிவும் தெரியாது, வகுப்பும் தெரியாது.

தெரிஞ்சே மீறினால் சட்டத்தில் ஆறு மாசம் முதல் மூணு வருஷம் வரைச் சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கு. லாபத்துக்குச் செய்யாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. இது பயமுறுத்தச் சொல்லலை. கல்லூரி முதல்வர்கள் ஏன் தயங்குறாங்க என்று புரியணும்.

பெரியவரின் அம்பாப் பாட்டு

இப்போ மூன்றாவது கோப்பு. "நம்மளோடதுதானே" என்று சொன்னாரே, அது.

பாட்டு பரம்பரையா வருது. எழுதினவர் பெயர் கிடையாது. அதுக்குச் சொந்தக்காரர் இல்லை. பதிவுக்கு முன்கை எடுத்தது அந்த மாணவி. அதனால் ஒலிப்பதிவு அவளுடையது. சட்டத்தின் கண்ணில் அவள்தான் இங்கே 'கம்பெனி'. பாடினது அந்தப் பெரியவர். 1994-ல் வந்த கலைஞர் உரிமை பெரிய வித்வான்களுக்கு மட்டும் இல்லை. பாடுகிற எவரும் சட்டத்தில் கலைஞர்தான். அவருடைய குரலைப் பதிவு செய்யவும், அதை மக்களுக்குப் பரப்பவும் அவர் சம்மதம் வேணும். 2012-ல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: "இது நான் பாடினது" என்று தன் பெயரைக் கோருகிற உரிமை.

பதிவு 2025-ல் நடந்தது என்று வைச்சுக்குவோம். கலைஞர் உரிமை 50 வருஷம். அடுத்த ஜனவரியில் இருந்து எண்ணினால் 2075 டிசம்பர் 31 வரைக்கும். விஸ்வநாதன் மெட்டுக்கு உரிமை முடிகிற அதே நாள். நம்ம கரையில் வலை இழுத்த ஒருத்தருடைய குரலையும் மெல்லிசை மன்னருடைய மெட்டையும் சட்டம் ஒரே தேதி வரைக்கும் காக்குது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

பதிவு செய்து எடுத்துட்டுப் போறது புதுசு இல்லை. நெதர்லாந்துக்காரர் ஆர்னால்ட் பேக் 1938-ல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் சுற்றி நாட்டுப்பாட்டுகளையும் சடங்கு இசையையும் பதிவு செய்தார். 1984-ல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோட அதே ஊர்களைத் தேடிப் போனார்கள். 46 வருஷத்துக்கு முந்தின ஒலி, பாடினவர்களின் ஊருக்கே திரும்பி வந்தது. எனக்கு அந்தப் பயணம் முக்கியமாப் படுது. எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் கொண்டுவந்து கேட்க வைக்கணும் என்று யாரோ நினைச்சாங்க இல்லையா, அதுக்காக.

அமெரிக்கக் கம்பெனி கேஸ் போடுமோ என்று நாம் பயப்படுறோம். பெரியவர் கேஸ் போட மாட்டார் என்று தெரிஞ்சதால் கேட்காமலே அனுப்புறோம். இதைக் குற்றமாச் சொல்லலை. கிராமபோன் காலத்தில் இருந்து பாடினவரைக் கடைசியில் பார்த்துப் பழகின பழக்கம் இது. 1911-ல் தட்டுக்குக் கொடுத்த பாதுகாப்பு, பாடினவருக்கு வர 1994 ஆச்சு. 83 வருஷம். அந்தப் பழக்கத்தை ஒரு வகுப்பறையில் மாற்றலாம்.

எப்படி என்று கேட்டால், ரொம்பச் சுலபம். பதிவு செய்கிறதுக்கு முன்னாடி பெரியவரிடம் சொல்லணும்: "ஐயா, இதை எங்க வகுப்புப் பிள்ளைகள் கேட்பாங்க. கல்லூரியில் வைச்சிருப்போம். இணையத்தில் எல்லாரும் கேட்கிற மாதிரிப் போடலாமா?" என்று மூணையும் தனித்தனியாக் கேட்கணும். வகுப்புக்குச் சரின்னு சொல்றவர் யூட்யூபுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். சில பாட்டு கடலில் மட்டும்தான் பாடணும் என்றும் சொல்லலாம். பதிலையும் அதே போனில் பதிவு செய்துக்குங்க. கோப்பின் பெயரில் "அம்பா 1" என்று போடாமல், அவர் சம்மதிச்சால் அவர் பெயர், ஊர், தேதி போடுங்க. முடிச்ச பிறகு ஒரு நகலை அவர் வீட்டுப் பிள்ளைகள் போனுக்கு அனுப்புங்க.

அந்த ஆசிரியருக்கும் இதைத்தான் எழுதினேன். முதல் இரண்டு கோப்புக்கும் வகுப்பின் எல்லையைப் பாருங்க, மூன்றாவதுக்குப் பாடினவர் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க என்று.

உங்க ஊரில் இப்படிப் பதிவு செய்த பாட்டு இருந்தால், யார் பாடினது, அவரிடம் கேட்டீங்களா என்பதோட சேர்த்து எழுதுங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.